எக்ஸ்சேஞ்ச் இப்போது உங்கள் வீட்டுக்குள்

(காரைக்குடியில் நூலக வாசகர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்தியவர் ‘தொலைத்தொடர்பு வல்லுநர்’ என்றார். அது கொஞ்சம் அதிகம். லைன்மேனாகச் சேர்ந்து டெக்னீஷியனாக ஓய்வு பெற்றவன் நான். கம்பத்தில் ஏறியிருக்கிறேன், கேபிள் குழியில் இறங்கியிருக்கிறேன். இந்த ஊரில் பல வீட்டு முகப்புகள் என்னை ஏணியோடுதான் பார்த்திருக்கின்றன. அதனால் மேடைப் பேச்சு மாதிரி இல்லாமல், வீட்டுக்கு வந்த லைன்மேன் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே சொல்வது மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்தவர் ஓர் ஆச்சி. ஒரு நாள் காலையில் கைப்பேசியில் கூப்பிட்டார். “தம்பி, பழைய போனை எடுத்துட்டு இண்டர்நெட் போன் குடுத்துட்டாக. முகப்புல மட்டுந்தான் அடிக்குது. நான் அடுப்படியில இருக்கேன். எந்திரிச்சுப் போறதுக்குள்ள நின்னுபோகுது. மலேசியாவுல இருந்து பேரன் கூப்பிட்டுட்டு, ஆச்சி எடுக்கலைன்னு பயந்துபோறான்.”

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். முகப்புக்கும் அடுப்படிக்கும் எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது என்பார்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, கொல்லை என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு அது. எழுபது வயதுக்கு மேல், முழங்கால் வலியோடு, வளவின் கல்தூண்களைத் தாண்டி முகப்புக்கு வருவதற்குள் எந்தப் போனும் பத்து முறை அடித்து ஓய்ந்துவிடும்.

இத்தனைக்கும் பழைய போன் இருந்தபோது அந்த வீட்டில் நான்கு இடத்தில் மணி அடித்தது. பாரலல் லைன் இழுத்துக் கொடுத்தவனே நான்தான். அந்த ஒயர்கள் இன்றைக்கும் சுவரில் அப்படியே இருக்கின்றன. பிறகு ஏன் அடிக்கவில்லை? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பழைய போன் எப்படி வேலை செய்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் வீட்டுப் போனுக்கு வீட்டு மின்சாரம் தேவைப்பட்டதில்லை. தெருவே இருட்டாகக் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் வரும். அந்த மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து, அந்த இரண்டு மெல்லிய செம்புக் கம்பி வழியாகவே வந்தது. எக்ஸ்சேஞ்சில் ஒரு பேட்டரி அறை உண்டு. 2 வோல்ட் செல்கள் 24, வரிசையாக. மொத்தம் 48 வோல்ட். ஆள் இடுப்பு உயரத்துக்கு நிற்கும், அமில வாடை மூக்கைத் துளைக்கும். அந்த 48 வோல்ட்தான் ஊர் முழுவதும் ஒவ்வொரு வீட்டுப் போனிலும் காத்துக்கொண்டு நின்றது. நீங்கள் ரிசீவரை எடுத்ததும் சுற்று மூடும், கரண்ட் ஓடும், எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்துவிடும். உங்களுக்கு அழைப்பு வந்தால் அதே கம்பியில் 75 வோல்ட் அளவிலான மாறுமின்சாரம் பாயும், மணி கிணுகிணுக்கும். மணி அடிக்கும் நேரத்தில் கம்பியைத் தொட்ட லைன்மேனுக்கு அது எவ்வளவு என்று மீட்டர் வைத்துச் சொல்ல வேண்டாம். கை சொல்லும்.

1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊர்களிலும் முறையாகத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. அன்றிலிருந்து ஆள் போட்டு இணைத்த காலம், தானாக இணைந்த காலம், எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் என்று என்னென்னவோ மாறின. 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, வெளியூருக்கு நாமே டயல் செய்யும் எஸ்.டி.டி. முதலில் வந்தது. அது நம் ஊருக்கு வரும் முன் டிரங்கால் பதிவு செய்துவிட்டு நாள் முழுதும் போன் பக்கத்திலேயே சாப்பாடு வரவழைத்துச் சாப்பிட்டவர்கள் இந்த அவையிலேயே இருப்பார்கள். ஆனால் தொடக்க காலத்துப் போன்களைத் தவிர்த்தால், அத்தனை மாற்றத்திலும் ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை: மின்சாரமும் மணியும் எக்ஸ்சேஞ்சின் பொறுப்பு. வீட்டுக்காரருக்கு பில் கட்டுவது ஒன்றே வேலை.

இப்போது வீட்டுக்கு வந்திருப்பது கண்ணாடி இழை. அதில் ஒளிதான் ஓடும், மின்சாரம் ஓடாது. ஆகவே டயல் டோன், மணி அடிக்கும் வோல்டேஜ் எல்லாவற்றையும் உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தச் சின்னப் பெட்டியே உண்டாக்க வேண்டும். அலுவலகத்தில் அதற்கு ஓ.என்.டி. என்று பெயர். வீட்டில் எல்லோரும் மோடம் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அதன் பின்னால் இணையக் கேபிளுக்கான சதுர ஓட்டைகளோடு, கொஞ்சம் சிறிதாக ஒரு போன் ஓட்டையும் இருக்கும். அந்த ஓட்டைக்கு உள்ளே இருப்பதுதான் உங்கள் புது எக்ஸ்சேஞ்ச். பேட்டரி அறை, மணி இயந்திரம், டயல் டோன் கருவி எல்லாம் சுருங்கி ஒரு சில்லுக்குள் போய்விட்டன. எக்ஸ்சேஞ்ச் உங்கள் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. அதற்கு அதிகாரி யார் என்றால், நீங்கள்தான்.

குரல் எப்படிப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கணக்கு பிடிக்காதவர்கள் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசும் ஒலியை அந்தச் சில்லு நொடிக்கு 8000 முறை அளந்து எண்ணாக்குகிறது. ஓர் அளவுக்கு 8 பிட். ஆக நொடிக்கு 64,000 பிட். இதை ஒரே ஓட்டமாக அனுப்பாமல், நொடியை 50 துண்டாக நறுக்கி 50 பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு பொட்டலத்தில் குரல் 160 பைட், அதன் மேல் எழுதும் மேல்விலாசமே 40 பைட். எல்லாம் சேர்த்தாலும் நொடிக்கு 1 லட்சம் பிட்டைத் தாண்டாது. உங்கள் இணைப்பு 30 எம்.பி.பி.எஸ். என்றால் அது 3 கோடி பிட். யானைக்கு முன்னால் எறும்பு.

ஆகவே, “போன் விட்டுவிட்டுக் கேட்கிறது, வேகம் கூடிய பிளானுக்கு மாறட்டுமா?” என்று கேட்காதீர்கள். அது வேகத்தின் குறை இல்லை. பொட்டலங்கள் சீராக வராததன் குறை. ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை இருக்கிறது. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, “நீங்க சொல்லுங்க”, “இல்ல, நீங்க சொல்லுங்க” என்று மரியாதை செய்துகொண்டே இருப்பீர்கள்.

சரி, ஆச்சி வீட்டுக்கு வருவோம். இணைப்பு கொடுக்க வந்த பையன் மோடத்தை முகப்பில் மாட்டி, பக்கத்தில் ஒரு போனை வைத்து, மணி அடிக்க வைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு. வளவைத் தாண்டிப் பழைய ஒயர் ஓடுகிறது என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

வீடு முழுக்க மணி அடிக்க மூன்று வழி உண்டு. முதலில் எல்லோரும் சொல்வது வைஃபை. “கைப்பேசியிலேயே செயலி போட்டுவிடுங்கள், லேண்ட்லைன் எண் அதிலேயே அடிக்கும்” என்பார்கள். அது நல்ல வசதிதான், அடுக்குமாடி வீட்டில். நம் வீட்டுச் சுவரை நினைத்துப் பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து ஒரு முழத்துக்கு மேல் கனம். முகப்பில் இருக்கும் வைஃபை வளவு வரை வந்தாலே பெரிது, இரண்டாங்கட்டுக்கு எட்டாது. முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்துப் பூசிய காலத்தில் ரேடியோ அலைக்கு வழிவிட வேண்டும் என்று கொத்தனாரிடம் யாரும் சொல்லவில்லை. கார்ட்லெஸ் போனுக்கும் இதே கதி. ஒரே பேஸில் மூன்று நான்கு ரிசீவர் வைத்துக்கொள்ளும் மாடல்கள் கிடைக்கின்றன. சின்ன வீட்டுக்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. இங்கே இரண்டாங்கட்டோடு அது மூச்சு வாங்கும்.

இரண்டாவது வழிதான் நான் அதிகம் செய்து கொடுப்பது. சுவரில் இருக்கும் பழைய செம்பு ஒயருக்கே உயிர் கொடுப்பது. மோடத்தின் போன் ஓட்டையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, பக்கத்தில் போன் ஒயர் சேரும் பழைய ரோசெட் பெட்டியில் சேர்த்துவிட்டால் போதும். பாரலலாக ஓடும் எல்லா இடத்திலும் டயல் டோன் வந்துவிடும். முன்பு மின்சாரம் தெருவிலிருந்து உள்ளே வந்தது, இப்போது முகப்பிலிருந்து கொல்லைக்குப் போகிறது. ஒயருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நானே சூடுபட்டவன். தெருவிலிருந்து வரும் பழைய டிராப் ஒயரை வீட்டு ஒயரிலிருந்து முழுமையாகப் பிரித்துவிட வேண்டும். “பழைய லைன்தான் செத்துப்போச்சே” என்று விட்டுவிடக் கூடாது. எண்ணை ஒப்படைத்த பிறகும் சில நேரம் எக்ஸ்சேஞ்சில் ஜம்பர் என்ற இணைப்புக் கம்பி கழற்றாமல் கிடக்கும், 48 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். இந்தப் பக்கம் மோடம் தன் வோல்ட்டை அனுப்ப, அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்ச் தன் வோல்ட்டை அனுப்ப, இரண்டும் முட்டிக்கொண்டால் சாவது மோடம்தான். எக்ஸ்சேஞ்சுக்கு ஒன்றும் ஆகாது.

நான் சூடுபட்டது, ஓய்வு பெற்ற பிறகு செய்த முதல் இரண்டு மூன்று வீடுகளில் ஒன்றில். முன் தெரு டிராப் ஒயரை வெட்டி நுனிக்கு டேப் சுற்றிவிட்டேன். சோதித்தும் பார்த்தேன், கரண்ட் இல்லை. கொல்லைப்பக்க ஜங்ஷன் பெட்டியைத் திறந்தால் நான்கைந்து ஜோடி ஒயர். எல்லாம் உள்ளே போகிறவை என்று நினைத்து ஒன்றாக முறுக்கினேன். அதில் ஒரு ஜோடி பின் தெருவில் இருக்கும் டி.பி. என்ற விநியோகப் பெட்டியிலிருந்து வந்தது! அந்த வீட்டில் ஒரு காலத்தில் இரண்டு எண் இருந்திருக்கிறது. நம் வீடுகளுக்கு இரண்டு தெரு என்பதை நாற்பது வருடம் இந்த ஊரில் ஏணி தூக்கிய நான் மறந்துவிட்டேன். மோடத்தில் போன் விளக்கு அணைந்தது, பிறகு எரியவே இல்லை. புதுப் பெட்டி வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் வீட்டுக்காரர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை, காபி வேறு கொடுத்தார்கள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாக மீட்டர் வைத்துப் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் ஒரு சாதாரண போனை ஒவ்வொரு ஜோடியிலும் மாட்டிக் காதில் வையுங்கள். மோடத்தை இணைப்பதற்கு முன்னால் எந்த ஜோடியிலாவது டோனோ இரைச்சலோ ‘டொக்’ சத்தமோ கேட்டால் அதைத் தொடாதீர்கள்.

அடுத்த சிக்கல், எத்தனை போன் மாட்டலாம் என்பது. எக்ஸ்சேஞ்ச் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் போனின் மணியையும் அடிக்கும், அதற்கு அந்தப் பலம் இருந்தது. மோடத்துக்குள் இருப்பது குழந்தை எக்ஸ்சேஞ்ச். உள்ளே பித்தளைக் கிண்ணம் வைத்த பழைய கறுப்புப் போன் மணி அடிக்க நிறையச் சக்தி இழுக்கும். அதில் இரண்டு மூன்று மாட்டினாலே மோடம் திணறும். மணி முனகும், அல்லது அடிக்கத் தொடங்கியதுமே நின்றுவிடும். இப்போது வரும் எலெக்ட்ரானிக் மணிப் போன்கள் கொஞ்சமாகத்தான் இழுக்கும், நான்கைந்து மாட்டினாலும் தாங்குகின்றன. தாத்தா காலத்துச் சுழற்றும் போனை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், பேச வரும். ஆனால் அதைச் சுழற்றி எண் போட முயன்றால் பெரும்பாலான மோடங்களுக்குப் புரியாது, அவற்றுக்கு டோன் மட்டும்தான் தெரியும். பட்டன் போனிலும் அடியில் ‘பல்ஸ்’, ‘டோன்’ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். டோனில் வையுங்கள். பாதிப் புகார் அதிலேயே தீர்ந்துவிடும்.

மீதிப் புகாரில் பாதி, ரிசீவர் சரியாக வைக்கப்படாதது. பாரலலில் ஓரிடத்தில் ரிசீவர் சாய்ந்து கிடந்தால் வீடே ஊமை. மாடியறையில் எப்போதோ விருந்தாளி வைத்துவிட்டுப் போன ரிசீவருக்காக நான் கீழே எல்லா ரோசெட்டையும் கழற்றிப் பார்த்த நாள் உண்டு.

மூன்றாவது வழியைத்தான் ஆச்சிக்குச் செய்து கொடுத்தேன். சின்ன இண்டர்காம் பெட்டி. கடைகளிலும் லாட்ஜுகளிலும் பார்த்திருப்பீர்கள், ஒரு வெளி லைன், பல எக்ஸ்டென்ஷன். மோடத்தின் போன் ஒயர் நேராக அந்தப் பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து அறைக்கு ஒரு ஜோடி. இதில் என்ன லாபம்? மோடம் ஒரே ஒரு கருவிக்குத்தான் மணி அடிக்கிறது, மற்ற மணிகளைப் பெட்டி தன் சொந்த மின்சாரத்தில் அடித்துக்கொள்கிறது. ஓரிடத்தில் ரிசீவர் விழுந்து கிடந்தாலும் மற்ற இடங்கள் பேசும். அதைவிட முக்கியம், அறைக்கு அறை பேசலாம். முகப்பில் யாரோ வந்து நின்றால் வேலைக்காரப் பெண் அங்கிருந்தே இரண்டு எண் அழுத்தி அடுப்படியில் ஆச்சியிடம் சொல்லிவிடலாம். பேரனிடம் பேச வாங்கிய போனைவிட இந்த வசதிதான் ஆச்சிக்கு அதிகம் பிடித்துவிட்டது. “இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல, தம்பி?” என்றார். செய்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கணினி படித்த இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இதே இண்டர்காம் வேலையைச் செய்ய ‘ஆஸ்டரிஸ்க்’ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்கர் 1999இல் எழுதியது. உள்ளங்கையளவுக் கணினியில்கூட ஓடும். இணைய அழைப்புகளுக்கு அடிப்படையான ‘சிப்’ என்ற நெறிமுறையும் முதலில் அதே வருடம்தான் வெளியானது. வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: நீங்கள் பேசுவது அங்கே கேட்டு, அங்கே பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் போனை மாற்றாதீர்கள். ரவுட்டரில் ‘சிப் ஏ.எல்.ஜி.’ என்று ஒன்று உதவி செய்கிறேன் பேர்வழி என்று பொட்டல விலாசங்களைத் திருத்திக்கொண்டிருக்கும். அதை அணைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்று ஒருவர் முன்கூட்டியே கேட்டிருந்தார். நம் நாட்டில் இணையத் தொலைபேசி 2002 ஏப்ரலில்தான் அனுமதிக்கப்பட்டது. அப்போதும் கணினியிலிருந்து வெளிநாட்டு எண்ணுக்குப் பேசலாம், உள்ளூர் எண்ணுக்குக் கூடாது. நெட் சென்டரில் தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு பேசிய காலம் அது. பக்கத்துத் தெருவுக்கு அப்படிப் பேச முடியாது! 2018இல்தான் அந்தக் கதவு திறந்தது. இன்று உங்கள் வீட்டில் இழை வழியாக வரும் போன் உரிமம் பெற்ற நிறுவனம் கொடுக்கும் முறையான லேண்ட்லைன், கவலை வேண்டாம். ஒன்று மட்டும்: 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து கைப்பேசிக்குப் பேச முன்னால் 0 போட வேண்டும். இதை மறந்துவிட்டு, “புதுப் போன்ல மொபைலுக்கே போகலை” என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

கடைசியாக மின்சாரம். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். அந்த 24 செல் பேட்டரி அறை இனி உங்களுக்காக இல்லை. மின்சாரம் போனால் மோடம் அணையும், மோடம் அணைந்தால் போன் மரக்கட்டை. மழை நாளில், நள்ளிரவில், ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலிக்கும்போது அவசர உதவிக்கு 112ஐ அழைக்க வேண்டுமென்றால் அப்போதுதான் மின்சாரமும் இருக்காது. கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். சார்ஜ் இருந்து, கண்ணாடி இல்லாமல் அதைத் தேடி எடுக்க முடிந்தால் இருக்கிறதுதான்.

மோடத்தை அணையாமல் வைக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மோடம் இழுப்பது பத்துப் பதினைந்து வாட், அவ்வளவுதான். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணிச் சின்ன பேட்டரியே கணக்குப்படி ஐந்தாறு மணி நேரம் தாங்க வேண்டும், பேட்டரி பழசானால் குறையும். பல வீடுகளில் பெரிய இன்வெர்ட்டர் இருக்கிறது, அதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நான் போய்ப் பார்க்கிற வீடுகளில் ஃபேன் இன்வெர்ட்டரில் இருக்கும், டிவி இன்வெர்ட்டரில் இருக்கும், வாசல் விளக்கு இருக்கும். மோடம் மட்டும், அருகில் இருந்த ஏதோ ஒரு பாயிண்டில், இன்வெர்ட்டர் இல்லாத பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். இண்டர்காம் பெட்டி வைத்தால் அதையும் மறக்காமல் இன்வெர்ட்டரில் சேருங்கள்.

தெருவில் இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை, அது வெறும் கண்ணாடி. இழையின் மறுமுனையில் இருக்கும் கருவிக்குத் தேவை. அங்கே பேட்டரி வைத்திருக்கிறார்களா, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று இணைப்பு வாங்கும்போதே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்லத் தயங்கினால் வேறு நிறுவனத்தை விசாரியுங்கள்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு, டார்ச் விளக்கோடு போய், வீட்டின் கடைசி அறையில் இருக்கும் ரிசீவரை எடுத்துக் காதில் வையுங்கள். டயல் டோன் கேட்டால் நிம்மதியாகத் தூங்குங்கள். கேட்காவிட்டால், காலையில் முதல் வேலையாக மோடத்தின் பிளக் எந்தப் பாயிண்டில் செருகியிருக்கிறது என்று பாருங்கள்.